கழற்றுபவருக்கு இரண்டு துளைகள்

1990களில் வந்த ஹோண்டா சிவிக் காரின் முன்சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் டிஸ்க் தெரியும். அதன் நடுப்பகுதியில் பல துளைகள் இருக்கும். நான்கு துளைகள் வழியாகச் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்டட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு துளைகளில் சிறிய ஸ்குருக்கள் இறங்கியிருக்கும். இன்னும் இரண்டு துளைகளில் ஒன்றுமே இருக்காது. விளக்கடித்துப் பார்த்தால் உள்ளே மரை வெட்டியிருப்பது தெரியும். ஆனால் தொழிற்சாலையில் அந்த மரைக்கு எந்த போல்ட்டையும் மாட்டுவதில்லை. கார் ஓடுகிற காலம் முழுக்க அவை காலியாகவே கிடக்கும்.

அந்த இரண்டு துளைகளும் கழற்றுவதற்காகவே போடப்பட்டவை. வருடக்கணக்கில் மழையிலும் சூட்டிலும் கிடந்து டிஸ்க் ஹப்போடு ஒட்டிக்கொண்டால், அந்த மரைகளில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை விட்டு மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். போல்ட்டின் நுனி பின்னாலிருக்கும் ஹப்பில் போய் முட்டும். ஹப் நகராது, டிஸ்க்தான் முன்னால் வந்தாக வேண்டும். அரை மணி நேரம் சுத்தியலால் அடித்தும் அசையாத தட்டு, ஒரு சின்ன ஸ்பேனருக்கு 'டக்' என்று விட்டுக்கொடுக்கும்.

எங்கோ ஜப்பானில் வரைபலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், பத்து இருபது வருடம் கழித்து யாரோ ஒருவர் இந்தத் தட்டோடு மல்லுக்கட்டப் போகிறார் என்று யோசித்திருக்கிறார். அந்த 'யாரோ' யார் என்று அவருக்குத் தெரியாது. கிள்ளானிலோ சுங்கைப்பட்டாணியிலோ ஒரு பட்டறையின் சிமென்ட் தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனாக இருக்கலாம். அவனுக்காக இரண்டு துளைகளை விட்டு வைத்திருக்கிறார்.

பிரேக்கின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பந்தய மைதானத்திலிருந்தே ஆரம்பிப்பார்கள். எந்தக் கார் எவ்வளவு வேகத்தில் போய் எவ்வளவு தூரத்தில் நின்றது என்பதுதான் அங்கே கதை. அதே வரலாற்றைத் தரையில் உட்கார்ந்திருப்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு கேள்விகள் எழும்பும். இதைச் செய்தவர்கள் கழற்றுபவரை எப்போது நினைத்தார்கள், எப்போது மறந்தார்கள் என்பது அதில் முதல் கேள்வி.

செம்பு அலறிய காலம்

இங்கிலாந்தின் பர்மிங்காமில் கார் செய்துகொண்டிருந்த ஃபிரெடெரிக் லான்செஸ்டர், 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு மெல்லிய உலோகத் தட்டு, அதை இரண்டு பக்கமும் வந்து கவ்வும் தாடைகள். இன்றைய காரில் இருப்பதும் அடிப்படையில் இதேதான். ஆனால் அவரிடம் கவ்வுவதற்குச் சரியான பொருள் இல்லை. செம்பைப் பயன்படுத்தினார். உலோகத்தில் உலோகம் உரசியபோது தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அலறியது. அன்றைய சாலைகள் மண்சாலைகள். புழுதி போய் உட்கார்ந்து செம்பைச் சீக்கிரமே தேய்த்தது.

அதே 1902-இல் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். கவிழ்த்த சட்டி போன்ற ஒரு டிரம், அதன் உட்சுவரை நோக்கி விரியும் இரண்டு பிரேக் ஷூ. எல்லாம் மூடிய சட்டிக்குள் நடப்பதால் புழுதி சுலபமாகப் போகாது, சத்தமும் குறைவு. அடுத்த அரை நூற்றாண்டுக்குக் கார்களில் டிரம்தான் ஆட்சி செய்தது.

உரசுவதற்கான பொருளைத் தேடிய கதை வேறோர் இடத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் வண்டியை நிறுத்தப் பழைய பூட்ஸ் தோலை பிரேக் கட்டையில் வைத்துப் பயன்படுத்துவார்களாம். அதைக் கவனித்த ஹெர்பர்ட் ஃபுரூட், 1897-இல் பிரேக் கட்டைக்கான பொருள் செய்யத் தொடங்கினார். தன் பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து 'ஃபெரோடோ' என்று பெயர் வைத்தார். நம்மூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் இன்றும் அந்தப் பெயர் போட்ட பெட்டியைப் பார்க்கலாம்.

குதிரை வண்டிக்குத் துணியும் பிசினும் போதும். மோட்டார் வண்டியின் சூட்டில் அவை கருகின. நெருப்பில் கருகாத நார் ஒன்று தேவைப்பட்டது. ஃபுரூட் 1900களின் கடைசி ஆண்டுகளில் அதைக் கண்டுகொண்டார்: கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ்.

நார் நெய்தவள்

கல்நார் பிரேக்குக்கு மிகப் பொருத்தமான பொருள். சூடு தாங்கும், சத்தம் போடாது, விலையும் மலிவு. லான்செஸ்டரின் சிக்கலுக்கு விடை கிடைத்துவிட்டது என்றே சொல்லலாம். அந்த விடைக்கான விலையைக் கொடுத்தவர்கள் காரில் போனவர்கள் இல்லை.

நெல்லி கெர்ஷா, இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் கல்நாரை நூலாக நூற்கும் வேலை பார்த்தவர். டர்னர் பிரதர்ஸ் ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் வேலை செய்துவந்தார். 1924-இல் 33 வயதில் நுரையீரல் சிதைந்து இறந்தார். நிறுவனம் இழப்பீடு தர மறுத்தது. பெயர்ப்பலகைகூட இல்லாத கல்லறையில்தான் அவரை அடக்கம் செய்தார்கள். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் குக், அதில் கல்நார்த் துணுக்குகளைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். கல்நாரால் ஒருவர் இறந்தார் என்று மருத்துவ உலகில் பதிவான ஆரம்பச் சம்பவங்களில் அது ஒன்று. அந்த நோய்க்கு 'ஆஸ்பெஸ்டோசிஸ்' என்ற பெயரும் குக்கின் எழுத்து வழியாகவே பரவியது. பிரிட்டனில் கல்நார் ஆலைகளுக்கான தூசுக் கட்டுப்பாட்டு விதிகள் 1931-இல் வந்தன. 1920களிலேயே ஃபெரோடோவும் டர்னர் குழுமத்துக்குள் சேர்ந்துவிட்டது.

அந்த விதிகள் ஆலைக்குள் இருந்தவர்களைப் பற்றிப் பேசின. ஆலையிலிருந்து வெளியே போன பிரேக் ஷூவும் பேடும் கடைசியில் தேய்ந்து தூளாவது கார்ப் பட்டறையில்தான். டிரம்மைத் திறந்தால் உள்ளே கருஞ்சாம்பல் தூசு சட்டி நிறையக் கிடக்கும். கம்ப்ரஸர் குழாயை நீட்டி 'புஸ்' என்று ஊதிவிட்டு வேலையைத் தொடங்குவதே பல நாடுகளிலும் பட்டறைகளின் வழக்கம். டிஸ்க்கைச் சுத்தியலால் அடித்துக் கழற்றும்போதும் அதே தூசுதான் முகத்துக்கு நேராகப் பறக்கும். பிரிட்டனில் கல்நாருக்கு முழுத் தடை வந்தது 1999-இல். நெல்லி இறந்து 75 வருடம் கழித்து.

இன்றைய பெரும்பாலான பேடுகளில் கல்நார் கிடையாது. ஆனால் பழைய காரில் எந்தக் காலத்துப் பேட் தேய்ந்தது, எந்த ஊர் மலிவுச் சரக்கு மாட்டப்பட்டது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் விவரம் தெரிந்த ஃபோமன்கள் காற்றை எடுக்க மாட்டார்கள். பிரேக் கிளீனரை அடித்து நனைத்து, துணியால் துடைத்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். "ஊதாதடா, தொட" என்று ஒரு ஃபோமன் தன் பையனிடம் சொன்னால், அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் நெல்லியின் பெயரில்லாத கல்லறையும் இருக்கிறது. அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

வெற்றியும் துருவும்

டிஸ்க் பிரேக் மறுபடி வந்தது விமானம் வழியாக. இரண்டாம் உலகப் போரில் கனமான விமானங்கள் குறுகிய ஓடுதளத்தில் நிற்க வேண்டியிருந்தது. அதற்காக வளர்ந்த தொழில்நுட்பத்தை டன்லப் நிறுவனம் ஜாகுவாரோடு சேர்ந்து காருக்குக் கொண்டுவந்தது. 1953-இல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டங்கன் ஹேமில்டனும் டோனி ரோல்ட்டும் ஓட்டிய ஜாகுவார் சி-டைப் வென்றது. அந்தப் பந்தயத்தின் வரலாற்றில் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுதான் முதல்முறை. டிரம் வைத்திருந்தவர்கள் வளைவுக்கு வெகுமுன்னாலேயே வேகத்தைக் குறைக்க, ஜாகுவார் கடைசி நொடிவரை போய் நின்று திரும்பியது. 1955-இல் சிட்ரோயன் டிஎஸ் காரின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது. அதற்குப் பிறகு அது சாதாரணக் குடும்பக் கார்களுக்கும் இறங்கியது.

இதுவரை எல்லாரும் சொல்லும் கதை. லு மான் வெற்றிக்கு நான்கு வருடம் முன்பே அமெரிக்காவில் கிராஸ்லி என்ற சின்ன கார் கம்பெனி டிஸ்க் பிரேக்கை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. 1949-இல் வந்த ஹாட்ஷாட் காரில் அது இருந்தது. அதுவும் விமானத்திலிருந்து வந்த வடிவம்தான். நன்றாகவே நிறுத்தியது. ஆனால் அமெரிக்காவின் வடபகுதியில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் பிரேக்குக்குள் போய் உலோகத்தை அரித்து, அசையும் பாகங்களை அப்படியே பிடிக்க வைத்தது. 1950-இலேயே கிராஸ்லி டிரம்முக்குத் திரும்பிவிட்டது.

விமானம் கொட்டகைக்குத் திரும்பும், அங்கே ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். கார் தெருவோரத்தில் கிடக்கும். மழை, உப்பு, சேறு, பல மாதக் கவனிப்பின்மை எல்லாவற்றையும் அது தனியாகத் தாங்க வேண்டும். கிராஸ்லியைத் தோற்கடித்தது துருதான்.

துரு எப்படிப் பிடிக்கிறது

டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. பேட் உரசும் முகத்துக்கு வண்ணம் பூச முடியாது. அது எப்போதும் நிர்வாண இரும்பாகத்தான் இருக்கும். ராத்திரி மழைக்குப் பிறகு காலையில் அதில் செம்மஞ்சள் படலம் தெரியும். இரண்டு முறை பிரேக் பிடித்ததும் அது போய்விடும். பேட் தொடாத இடத்தில் துருவைத் துடைக்க யாருமில்லை. டிஸ்க்கின் நடுத்துளை ஹப்பின் மேட்டில் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும் இடம் அப்படிப்பட்டது.

இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு பல மடங்கு பெருகும். ஒரு மயிரிழை இடைவெளியில் துரு பிடித்தால் அது இரண்டு பக்கமும் தள்ளி இறுக்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துக் கூரைப் பூச்சைப் பிளப்பதை நம் பழைய அடுக்குமாடிகளில் பார்த்திருப்போம். அதே வேலைதான் ஹப்பிலும் நடக்கிறது. நம்மூரில் சாலையில் உப்பு கொட்டுவதில்லை. ஆனால் ஈரம் விடுவதே இல்லை. கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது.

"அண்ணே, டிஸ்க் வர மாட்டேங்குது" என்று பையன் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டு சின்ன ஸ்குருக்களை. தொழிற்சாலையில் சக்கரம் மாட்டும்வரை டிஸ்க் விழாமல் பிடித்திருப்பதே அவற்றின் வேலை. சக்கரம் மாட்டி நட்டை முடுக்கியதும் அவற்றின் ஆயுள்வேலை முடிந்தது. ஆனாலும் அவை விடாது. தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்குரு அது. அமெரிக்காவில் ஹென்றி ஃபிலிப்ஸ் 1930களில் பரப்பிய வடிவம், 1936-இல் கெடிலாக் கார்த் தொழிற்சாலைக்குள் நுழைந்தது. வேகமாக முடுக்குவதற்கு அருமையான வடிவம். எதிர்ப்பு அதிகமானால் ஸ்குரு டிரைவர் பள்ளத்திலிருந்து வழுக்கி வெளியே ஏறிவிடும். துருப்பிடித்ததைக் கழற்றும்போது அதுவே வினையாகிறது. ஜப்பானியர்களின் கூட்டல் குறி பார்க்க அதேபோல இருக்கும், ஆனால் பள்ளத்தின் வடிவம் சற்றே வேறு. சாதாரண ஃபிலிப்ஸ் முனை அதில் முழுசாக உட்காராது. நாலு சுற்றில் பள்ளமே வட்டமாகிவிடும். அதற்கு இம்பாக்ட் டிரைவர் என்ற கனமான கைக்கருவி இருக்கிறது. சுத்தியலால் அதன் பின்பக்கம் அடித்தால் முனை உள்ளே அமுங்கிக்கொண்டே சுழலும். அடியே முறுக்காக மாறுவதால் வழுக்க வாய்ப்பில்லை. தலை ஏற்கெனவே போய்விட்டதென்றால் துளைத்து எடுப்பதுதான் வழி. அந்த ஸ்குரு இல்லாமலே கார் ஓடும்.

அடுத்தது எண்ணெய். நீல மஞ்சள் டப்பாவில் வரும் டபிள்யூடி-40, அட்லஸ் ஏவுகணையின் மெல்லிய உடல் துருப்பிடிக்காமல் காக்க 1953-இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் தயாரானது. தண்ணீரை விரட்டும் கலவைக்கான 40-ஆவது முயற்சி என்பதே பெயரின் பொருள். 1958-இல் கடைக்கு வந்தது. துருவுக்குள் ஊடுருவவென்றே செய்த எண்ணெய்கள் இதைவிட நன்றாக வேலை செய்யும். எதை அடித்தாலும் உடனே சுத்தியலை எடுக்கக் கூடாது. "எண்ணெய குடிக்கட்டும், நீ போயி தே குடிச்சிட்டு வா" என்பதுதான் பட்டறை ஞானம்.

திரும்பி வந்ததும் இரண்டு துளைகளில் போல்ட்டுகளை விட்டு, இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். ஒரே பக்கம் இழுத்தால் டிஸ்க் கோணிக்கொண்டு இன்னும் இறுகும், மரையும் போகும். துளைகளே இல்லாத வண்டிகளில், கேலிப்பர் தாங்கி மாட்டியிருந்த துளை வழியாக நீளமான போல்ட்டை விட்டு, டிஸ்க்கின் பின்முகத்தை நட்டால் தள்ளுவார்கள். கொஞ்சம் தள்ளி, டிஸ்க்கைச் சுற்றி, மறுபடி தள்ள வேண்டும். அடித்தே ஆக வேண்டுமென்றால் ஸ்டட்களுக்கு நடுவே, சுற்றிச் சுற்றி அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடியும் பின்னாலிருக்கும் சக்கர பேரிங்கையும் தாக்கும். டிஸ்க்கைக் கழற்றிய மகிழ்ச்சியில் வீட்டுக்குப் போய், அடுத்த வாரம் பேரிங் முனகும் சத்தம் கேட்டால் அந்தச் சிக்கனத்தில் அர்த்தமில்லை. பின்சக்கர டிஸ்க்கில் ஹேண்ட் பிரேக் ஷூ உள்ளே இருந்தால், அதைத் தளர்த்தாமல் அடிப்பது வீண். கழற்றிய கேலிப்பரை ரப்பர் குழாயில் தொங்க விடுவதும் கூடாது, கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். கார் ஜாக்கில் மட்டும் நிற்கும்போது இதில் எதையும் செய்யவே கூடாது, ஸ்டாண்டு போட்டாக வேண்டும். அடிக்கிற அடியில் ஜாக் சரிந்தால் கீழே இருப்பது நம் கால்.

மறந்துபோனவர்கள்

எல்லா வண்டியிலும் அந்த இரண்டு துளைகளின் கருணை கிடைப்பதில்லை. சிவிக்கைச் செய்த அதே நிறுவனத்தின் 1990 முதல் 1997 வரையிலான அக்கார்டில் முன் டிஸ்க் ஹப்புக்குப் பின்னால் இருக்கும். டிஸ்க்கை மாற்ற ஹப்பையே இழுத்து எடுக்க வேண்டும். சிவிக்கில் ஒரு மணி நேர வேலை, அக்கார்டில் அரை நாளுக்குக் கொண்டுபோய் விடும். அதைச் செய்தவர்களுக்குப் பொறியியல் காரணங்கள் இருந்திருக்கும். அந்தக் காரணங்களின் பட்டியலில் கழற்றுபவர் இல்லை, அல்லது கடைசியில் இருந்தார்.

ஒரு கார் எத்தனை வயதுவரை வாழும் என்பதை உலோகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. சிங்கப்பூரில் 1990 மே மாதம் முதல் கார் வாங்க சிஓஇ சான்றிதழ் தேவை. அதன் ஆயுள் 10 வருடம். அதற்குமேல் வைத்திருக்க வேண்டுமென்றால் மறுபடி பெரிய தொகை கட்ட வேண்டும். பெரும்பாலான கார்கள் அதற்கு முன்பே பதிவு நீக்கப்பட்டு, உடைக்கவோ ஏற்றுமதிக்கோ போய்விடும். பாலத்தைத் தாண்டி ஜொகூருக்கு வந்தால், முப்பது வயதுக் கார் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுக்கொண்டிருக்கும். 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாக்களில் சில இன்னும் ஓடுகின்றன. ஒட்டிக்கொண்ட டிஸ்க் என்பது பெரும்பாலும் பாலத்துக்கு இந்தப் பக்கத்துப் பிரச்சினை.

15 வயது தாண்டிய கார்கள் சாலைவரி புதுப்பிக்கும்போது கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று 2009 அக்டோபரில் மலேசிய அரசு அறிவித்தது. பழைய கார் ஓட்டுகிறவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். புது கார் வாங்க முடியாதவர்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களில் அது கைவிடப்பட்டது. பாதுகாப்புக்காகச் சொல்லப்பட்ட வாதத்தில் நியாயம் இருந்தது. டிஸ்க் தேய்ந்து மெலிந்த கார் ஆபத்தானதுதான். ஆனால் அந்தக் கார்களை உண்மையில் பாதுகாப்பாக வைத்திருந்தவர்கள் தாமான் கடைசியில் தகரக்கூரை போட்ட பட்டறைக்காரர்கள். ஜப்பானிலிருந்து கப்பலில் பாதியாக வெட்டப்பட்டு வரும் ஹாஃப் கட்டில் பாகம் தேடி, ஐம்பது வெள்ளிக்கும் நூறு வெள்ளிக்கும் பேரம் பேசி ஓட வைத்தவர்கள். தோட்டம் துண்டாடப்பட்டு டவுனுக்கு வந்த குடும்பங்களின் பையன்கள் பலருக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் கிடைத்த முதல் வேலை அங்கேதான். ரப்பர்க் காட்டை எழுதிய அளவுக்கு நாம் இன்னும் அந்தப் பட்டறையை எழுதவில்லை. எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தரையிலும் ஒரு சமூகத்தின் நூற்றாண்டு இருக்கிறது.

டிஸ்க் கையோடு வந்துவிட்டால் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். நல்ல ஃபோமன் அப்போதுதான் கம்பி பிரஷை எடுப்பார். ஹப்பின் முகத்தையும் நடுமேட்டையும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்ப்பார். துரு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் புது டிஸ்க் கோணலாக உட்காரும், பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். பிறகு செம்பு கலந்த கிரீஸை விரலில் கொஞ்சமே எடுத்து நடுமேட்டில் மெல்லிய படலமாகத் தடவுவார். பேட் உரசும் முகத்தில் ஒரு துளியும் படக் கூடாது. அந்தப் படலத்தால் கார் வேகமாகப் போகப் போவதில்லை, சீக்கிரம் நிற்கப் போவதும் இல்லை. வண்டிக்காரருக்கு அது தெரியவே தெரியாது, பில்லிலும் வராது. இன்னும் ஐந்தாறு வருடத்தில் வேறொரு பட்டறையில் வேறொருவர் இதே சக்கரத்தைக் கழற்றும்போது, டிஸ்க் கைக்கு லேசாக வந்துவிடும்.